குப்பனூர் பஸ்ஸில் வந்த சேலத்துச் சிலந்தி

வனவிலங்குக் கடத்தல் தடுப்புப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேச வேண்டும் என்று என்னை அழைத்தபோது, சட்டப் பிரிவுகளைப் பற்றிப் பேச மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதற்குத் தேர்ந்தவர்கள் நாளை வருகிறார்கள். நான் விமான நிலையச் சரக்குப் பகுதியில் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தே தலை நரைத்தவள். எனக்குத் தெரிந்தது பெட்டிகள். ஆகவே ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன். அதை நான் திறக்கவில்லை, தானாகத் திறந்துகொண்டது. நடந்த இடம் ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாகச் சேலம் போகிற பஸ்.

ஓய்வுபெறக் கொஞ்ச வருடங்களே இருந்தபோது நான் மறுபடியும் மாணவி ஆனேன். வனவிலங்குப் பாதுகாப்பையும் பன்னாட்டு வணிகத்தையும் சேர்த்துச் சொல்லித்தரும் முதுகலைப் படிப்பு. படிப்பு விடுப்பு கேட்டுப் போய் நின்றபோது மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இனிமே படிச்சு என்னம்மா பண்ணப் போறீங்க?"

"இத்தனை வருஷமா பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டேன் சார். அது எங்கேருந்து கிளம்புது, யாரு கிளப்பி விடறாங்கன்னு பாக்கணும்."

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வகுப்பில் எல்லோரும் என் மகள் வயது. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று வணக்கம் சொன்னது. பேராசிரியர் என்று நினைத்துவிட்டார்கள். நான் நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எழுந்த சிரிப்பு இருக்கிறதே, அந்தச் சிரிப்பிலேயே நாங்கள் சிநேகிதர்கள் ஆகிவிட்டோம். எனக்கு ஆய்வு வழிகாட்டியாக வாய்த்தவரும் என்னைவிட மிகவும் இளையவர்தான். "உங்களுக்கு நான் புதுசா என்ன சொல்லித் தரப்போறேன்னு தெரியலை மேடம். ஆனா கேள்வி கேக்க முடியும்" என்றார். சொன்னபடியே செய்தார். அவர் கேட்ட ஒரு கேள்வி பின்னால் என்னைக் காப்பாற்றியது.

ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு சிலந்தி. சேர்வராயன் மலையிலும் சுற்றியுள்ள மலைகளிலும் பழைய மரங்களின் பொந்துகளில் வாழ்கிற பெரிய சிலந்தி. கால்களை விரித்தால் உள்ளங்கையை நிறைக்கும். முதுகில் சாம்பலும் வெள்ளையுமாகக் கோலம் போட்டது போல இருக்கும். முன்கால்களைத் தூக்கினால் அடிப்பக்கம் பளிச்சென்று மஞ்சள் தெரியும். மஞ்சள் தெரிந்தால் அது கோபமாக இருக்கிறது, நாம் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். கடித்தால் உயிருக்கு ஆபத்து வருவது அரிது. ஆனால் தசையை முறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆளை நாள்கணக்கில் படுக்க வைத்துவிடும். அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது பொம்மை மாதிரி இருக்கும். ஓட ஆரம்பித்தால் கண்ணால் தொடர முடியாது.

வெளிநாடுகளில் இதைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கிறவர்கள் உண்டு. அவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரிலேயே சேலம் இருக்கிறது. நம் ஊர்ப் பெயரைத் தூக்கிக்கொண்டு, நம் ஊரைப் பார்த்தே இராதவர்களின் வரவேற்பறையில் அது குடியிருக்கிறது. இந்த மலைப் பொந்திலிருந்து அந்தத் தொட்டி வரைக்கும் எப்படிப் போகிறது? அதுதான் என் ஆய்வு.

அதற்காக வைகாசி மாதத்தில் ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். சேர்வராயன் கோயில் திருவிழா அப்போதுதான் முடிந்திருந்தது. கூட்டம் இறங்கிப் போய், மலை கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தினமும் பக்கத்துத் தலைச்சோலைக் கிராமத்துக்குப் போய் மரம் மரமாகப் பார்ப்பேன். அங்கே காப்பியும் பலாவும் ஆரஞ்சும் வைத்திருக்கும் ராமாயி என்ற அம்மாள்தான் எனக்கு முதலில் பழக்கமானவர். என் வயதுதான் இருக்கும். குரல் மட்டும் அந்தப் பக்கத்து மேட்டுக்குக் கேட்கும். அவர் தோட்டத்து மரங்களைப் பார்க்க அனுமதி கேட்டபோது நடந்த உரையாடல் இது.

"என்ன தேடறீங்க மேடம்? தேனா?"

"இல்லீங்க, சிலந்தி."

"எட்டுக்காலுப் பூச்சியா! ஐயோ சாமி!" என்று இரண்டடி பின்னால் போய்விட்டார். "பாம்பு வந்தாக்கூட நின்னு பேசிருவனுங்க. அந்தக் கருமத்தக் கண்டா மட்டும் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. நீங்க தாராளமாப் பாத்துக்கங்க. ஆனா எந்த மரத்துல என்ன பாத்தீங்கன்னு எங்கிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. அப்பறம் நான் காப்பி பறிக்கவே போகமாட்டேன்."

அந்த ஒப்பந்தத்தை நான் மீறவில்லை. தினமும் மாலையில் அவர் வீட்டு வாசலில் காப்பி குடிப்பேன். அவர் மகளுக்கு ஆனி மாதம் கல்யாணம். மாப்பிள்ளை, சம்பந்தி, பந்தல், சமையல்காரர் என்று எல்லாவற்றையும் பேசுவோம். சிலந்தியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு அவர் வைத்த பெயர் பூச்சி மேடம்.

லாட்ஜில் என் பக்கத்து அறையில் பிரவீன் என்று ஓர் இளைஞன் தங்கியிருந்தான். காட்டுப் பூக்களைப் படம் எடுக்க வந்திருப்பதாகச் சொன்னான். மரியாதையான பையன். என் பையை வாங்கிக்கொண்டு மாடி ஏறுவான். ஒருநாள் தலைச்சோலைக்கு அவனும் வந்து ராமாயி மகளை அழகாகப் படம் எடுத்துக் கொடுத்தான். மகிழ்ந்துபோன ராமாயி அவனை உட்கார வைத்துச் சோறு போட்டு, பலாச்சுளையும் கொடுத்தார். எனக்கும் மூடி போட்ட ஓர் எவர்சில்வர் சம்படம் நிறையக் கொடுத்தனுப்பினார்.

எனக்கு முதலில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. மறுநாள் காலையில் வராந்தாவில் இருந்த குப்பைக் கூடையில் இரண்டு பிளாஸ்டிக் மூடிகளைப் பார்த்தேன். ஸ்வீட் கடையில் அல்வா தருகிற டப்பாவின் மூடிகள். அவற்றில் சின்னச் சின்னத் துளைகள். துளை இருந்தால் ஆயிரம் காரணம் இருக்கலாம். நான் மூடியைத் திருப்பி விரலால் தடவினேன். துளைகளை உள்பக்கத்திலிருந்து வெளியே பார்த்துக் குத்தியிருந்தார்கள். சொரசொரப்பான விளிம்பு வெளியே இருந்தது, உட்பக்கம் வழவழவென்று இருந்தது. உள்ளே இருக்கப்போவதற்குக் காயம் பட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறவர்கள்தான் அப்படிக் குத்துவார்கள். சரக்குப் பகுதியில் அப்படிப்பட்ட மூடிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பிடித்துப்போன ஒரு பையனைச் சந்தேகப்படுவது சுகமான காரியம் இல்லை.

வழிகாட்டிக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்களுக்குத் தெரியுமா மேடம், இல்ல தோணுதா?" என்றார்.

"தோணுது."

"அப்போ தெரிஞ்சுக்கிறவங்ககிட்ட சொல்லுங்க. நீங்க இப்போ மாணவி. அவன் பையைத் தொட உங்களுக்கு உரிமை இல்லை."

உண்மைதான். படிப்பு விடுப்பில் இருக்கிறவளுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. கதவைத் தட்டி, "திற உன் பையை" என்று கேட்க எனக்குக் கை துறுதுறுத்தது. கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பை சன்னல் வழியாகப் பள்ளத்துக்குப் போயிருக்கும். வனத்துறை ரேஞ்சரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் அவசரப்படாமல் கேட்டார். "அவன் எப்பக் கெளம்பறான்னு மட்டும் சொல்லுங்க மேடம். சேலம் ரோட்டுல கீழ செக்போஸ்ட்டுல ஆள் நிப்பாட்டி வெக்கறேன்" என்றார்.

அதற்கு அடுத்த நாள் காலையிலேயே பிரவீன் அறையைக் காலி செய்தான். ரேஞ்சருக்குச் சொல்லிவிட்டு நானும் பஸ் நிலையத்துக்குப் போனேன். அவன் ஏறிய பஸ்ஸிலேயே ஏறினேன். ராமாயியும் அந்த பஸ்ஸில் இருந்தார். பட்டுச்சேலை, தலை நிறையக் கனகாம்பரம், மடியில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. சேலத்துச் சொந்தக்காரர்களை அழைக்கப் போகிறார்.

"வாங்க பூச்சி மேடம்! இங்க எடமில்ல, பின்னால உக்காருங்க."

அவருக்கு நேர் பின் இருக்கையில் சன்னலோரம் பிரவீன். மடியில் பையைக் குழந்தை மாதிரி அணைத்து வைத்திருந்தான். பக்கத்து இடம் காலி. "உக்காருங்க மேடம்" என்று நகர்ந்துகொண்டான். அப்போதும் மரியாதைதான். உட்கார்ந்தேன்.

வண்டி கிளம்பும்போது டிரைவர் திரும்பிச் சத்தமாகச் சொன்னார். "ராத்திரி மழைக்குச் சேலம் ரோட்டுல மரம் உழுந்து கெடக்குதுங்க. வண்டி குப்பனூர் வழியாப் போவுது."

ரேஞ்சரின் ஆட்கள் சேலம் ரோட்டில் நிற்கிறார்கள். நாங்கள் வேறு ரோட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறோம். சாதாரணமாகப் பேசுவதுபோல அவருக்குப் போன் செய்தேன். "நான் குப்பனூர் வழியா வர்றேங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. அவர் காதில் விழுந்ததா இல்லையா, தெரியாது. குப்பனூரில் இறங்கும் இடத்திலும் ஒரு சோதனைச்சாவடி உண்டு. அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று முடிவெடுத்தேன். நல்ல முடிவுதான். சிலந்திக்கு அது தெரியவில்லை.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவில் எதிரே லாரி வர, டிரைவர் அழுத்திப் பிரேக் போட்டார். எல்லோரும் முன்னால் போய் மோதினோம். பிரவீனின் பை முன் இருக்கைக் கம்பியில் இடித்தது. காற்றுக்காக அவன் அதன் ஜிப்பைக் கொஞ்சம் திறந்தே வைத்திருந்தான். 'டக்' என்று உள்ளே ஏதோ விட்டுப்போன சத்தம் எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டது. அவன் முகம் வெளுத்தது.

கொஞ்ச நேரம் கழித்து ராமாயி கலகலவென்று சிரித்துக்கொண்டே திரும்பினார். கையில் ஒரு பத்திரிகை. "மொதப் பத்திரிகையில ஒண்ணு உங்களுக்குத்தாங்க. குடும்பத்தோட கண்டிப்பா வரோணும்" என்று நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் மறுபடி முன்னால் திரும்பினார். அப்போது பார்த்தேன். அவருடைய வலது தோளுக்குக் கொஞ்சம் கீழே, பட்டுச்சேலையின் முதுகில், கால்களை விரித்துக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது.

நான் ஆய்வுக்காகத் தேடித் தேடிப் பார்த்ததிலேயே பெரியது. கனகாம்பரச் சரத்துக்கு நான்கு விரற்கடை கீழே.

இதோ, இந்த இடத்தைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். உங்களுக்கு என்னென்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அத்தனையும் எனக்கும் தோன்றியது. கத்தலாம். கத்தினால் பஸ் முழுவதும் எழுந்து நிற்கும், டிரைவர் திரும்பிப் பார்ப்பார், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். துண்டால் தட்டிவிடலாம். தட்டினால் அது கீழே விழுந்து அத்தனை வெறுங்கால்களுக்கும் நடுவே ஓடும். பிரவீனைப் பிடிக்கச் சொல்லலாம். அவனைப் பார்த்தேன். கண்களை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ராமாயியிடம் சொல்லலாமா? எட்டுக்கால் பூச்சி என்ற சொல்லைக் கேட்டாலே துள்ளுகிறவர். துள்ளினால் கடிதான்.

அது இன்னும் முன்கால்களைத் தூக்கவில்லை. மஞ்சள் தெரியவில்லை. அப்படியென்றால் எனக்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது. எனக்குத் தேவையானவை மூன்று. வண்டி நிற்க வேண்டும். சுற்றி இருப்பவர்கள் தாங்களாகவே விலக வேண்டும். ராமாயி அசையக் கூடாது. இத்தனையும் நடக்க வேண்டும், காரணம் மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது.

மலைப் பாதையில் ஓடுகிற பஸ்ஸில் அதற்கு ஒரே ஒரு சாக்குதான் இருக்கிறது.

"கண்டக்டர்!" என்று கூவினேன். "எனக்கு வாந்தி வருதுங்க!"

நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த கூட்டம் ஒரு நொடியில் முன்னும் பின்னுமாகப் பிரிந்துவிட்டது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி இரண்டு இருக்கை தாண்டிப் போய்விட்டாள். விசில் பறந்தது. வண்டி ஓரமாக நின்றது. கண்டக்டர் தூரத்திலிருந்தே ஒரு பாலிதீன் கவரை நீட்டினார். "மேடம், கவர் இருக்குதுங்க, கவருல எடுங்க, போன வாரந்தான் சீட்டெல்லாம் கழுவுனதுங்க!"

ராமாயி பதறித் திரும்பப் போனார். "ராமாயி, அசையாதீங்க!" என்றேன். "எனக்குத் தலை சுத்துது. உங்க தோளப் புடிச்சுக்கறேன். நீங்க அசைஞ்சா நான் உழுந்துருவேன்."

"புடிச்சுக்கங்க மேடம், புடிச்சுக்கங்க" என்றார் அந்தப் புண்ணியவதி. கம்பியைப் பிடித்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்துவிட்டார். "எலுமிச்சம்பழம் இருக்குது, தரட்டுங்களா?"

"வேண்டாங்க. அசையாம இருந்தாப் போதும்."

அவருடைய சம்படத்தைக் கழுவித் திருப்பிக் கொடுப்பதற்காக என் கைப்பையில் வைத்திருந்தேன். இடது கையை அவர் இடது தோளில் ஊன்றிக்கொண்டு, வலது கையால் சம்படத்தை எடுத்து, கட்டைவிரலால் மூடியை நெம்பி மடியில் தள்ளிவிட்டு, சாவதானமாக, மிகச் சாவதானமாக அதன் மேல் கவிழ்த்தேன். உள்ளே படபடவென்று கால்கள் ஓடும் அதிர்வு விரலுக்குத் தெரிந்தது.

"ஏனுங்க, முதுகுல என்னமோ சில்லுனு இருக்குதே?"

"சம்படங்க."

"அட ஆண்டவனே, என்ற சம்படத்துலயா வாந்தி எடுக்கறீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கை ஆடும். உதட்டைக் கடித்துக்கொண்டு, இடது கையால் என் மடியில் இருந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்தேன். நல்ல கெட்டி அட்டை. அதைச் சேலைக்கும் சம்பட விளிம்புக்கும் நடுவே நூல் நூலாக நுழைத்தேன். கால் எதுவும் நசுங்கக் கூடாது. முழுதும் நுழைந்ததும் அட்டையோடு சேர்த்துச் சம்படத்தை எடுத்து, நிமிர்த்தி, அட்டையை மெல்ல இழுத்துக்கொண்டே மூடியை அழுத்தினேன். அது கச்சிதமாக மூடிக்கொண்ட சத்தத்தைப் போல இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"முடிஞ்சுதுங்களா மேடம்?" என்றார் கண்டக்டர், இன்னும் தூரத்திலேயே நின்றுகொண்டு.

"முடிஞ்சுதுங்க."

பஸ் முழுவதும் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. ஆனால் எனக்கு வேலை முடியவில்லை. படிக்கட்டுப் பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. பிரவீன் நினைத்திருந்தால் இறங்கிக் காட்டுக்குள் ஓடியிருக்கலாம். என்னால் தடுத்திருக்க முடியாது. அவன் படிக்கட்டைப் பார்த்தான். பிறகு முன்னால் இருந்த ராமாயியின் முதுகைப் பார்த்தான். உட்கார்ந்தே இருந்தான். வண்டி கிளம்பியது.

அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டேன். "இன்னும் எத்தனை இருக்கு தம்பி?"

"ஆறு டப்பா இருக்கு மேடம்." பையைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்தான். "ஒண்ணுல முட்டையும் சேர்ந்து இருக்கு. புடிச்சது நான் இல்ல மேடம். புடிச்சவரு டப்பாவக் குடுத்துட்டு பைக்ல எறங்கிட்டாரு. நான் கொண்டு போய்க் குடுக்கணும், அவ்வளவுதான். எனக்குச் சிலந்தின்னாலே பயம் மேடம்."

நான் அவனைப் பார்த்தேன். பொய் இல்லை. கடத்தல்காரன் ஒருவன், தான் கடத்துகிற பொருளைக் கண்டு என்னைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தான்.

"பையை இப்படிக் குடு. என் மடியில இருக்கட்டும்."

கொடுத்துவிட்டான். அவன் தோள்கள் இறங்கியதைப் பார்க்க வேண்டுமே, மூட்டையை இறக்கி வைத்தவன் மாதிரி.

"கீழே குப்பனூர்ல செக்போஸ்ட் வரும். அங்க என்ன நடக்கும்னு உனக்கே தெரியும். நான் எதையும் மறைக்க மாட்டேன். இறங்கி ஓடியிருக்கலாமே, ஏன் ஓடலை?"

அவன் ராமாயி பக்கம் கண்ணைக் காட்டினான். பிறகு, "அந்தம்மா முந்தாநாள் எனக்குச் சோறு போட்டாங்க மேடம்" என்றான்.

குப்பனூர்ச் சோதனைச்சாவடியில் ரேஞ்சரே நின்றுகொண்டிருந்தார். போனில் 'குப்பனூர்' என்ற ஒரு சொல் அவர் காதில் விழுந்திருக்கிறது. அது போதுமாக இருந்தது. கண்டக்டரிடம் மெதுவாகச் சொல்லி வண்டியை நிறுத்தினோம். பிரவீன் தானாகவே இறங்கினான். பையையும் சம்படத்தையும் ரேஞ்சரிடம் ஒப்படைத்தேன். எல்லா டப்பாக்களையும் அவர்கள் முறைப்படி திறந்து பார்த்தார்கள். எல்லாம் உயிரோடு இருந்தன.

சம்படத்தைத் திருப்பிக் கேட்பதற்காக ராமாயியும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். ரேஞ்சர் மூடியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்த அதே நேரத்தில் அவரும் எட்டிப் பார்த்தார்.

அந்த அலறலைக் கேட்டுச் சாவடியின் கூரையில் இருந்த காகங்கள் பறந்துபோயின.

"இது... இது எங்க இருந்துச்சு?"

ஒப்பந்தத்தை நினைத்து நான் பேசாமல் இருந்தேன்.

"சொல்லுங்க மேடம்!"

"உங்க முதுகுலங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தோம். குடித்தார். நான் பயந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, சிரிக்கிறார்.

"அப்ப வாந்தியே வரலீங்களா?"

"வரலீங்க."

"அடப்பாவி மேடம்! எலுமிச்சம்பழம் வேணுமான்னு கேட்டனே!" என்று என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். கண்டக்டர் சிரித்தார், டிரைவர் சிரித்தார், சன்னல் சன்னலாகச் செய்தி பரவிப் பஸ் முழுவதும் சிரித்தது. கைக்குழந்தைக்காரி மட்டும் தன் முதுகை யாராவது பார்க்கும்படி எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிரவீன் மேல் வழக்கு நடந்தது, தண்டனையும் கிடைத்தது. அவன் எல்லாவற்றையும் சொன்னான். யார் பிடிக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள், என்ன பெயர் போட்டுத் தபாலில் அனுப்புகிறார்கள் என்று ஒன்று விடாமல். அவனை வைத்து அவனுக்கு மேலே இருந்தவர்களைப் பிடித்தார்கள். அவன் இப்போது சேலத்தில் கேமரா பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவான்.

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்து முடித்தபின், முகத்தை மாற்றிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். "அது அந்தம்மாவைக் கடிச்சிருந்தா?" என்றார். "கடிச்சிருந்தா, வண்டி ஏற்கெனவே நின்னிருந்தது சார். சிலந்தியைத் தப்ப விட்டுட்டு அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பேன். வழக்கு போயிருக்கும். பரவாயில்லை" என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் என் வழிகாட்டி லேசாகத் தலையசைத்தார். உங்களுக்கும் நான் சொல்ல விரும்புவது அந்த வரிசைதான். முதலில் மனிதர்கள். அடுத்து அந்த உயிர். வழக்கு அதற்கு அப்புறம். நெருக்கடி வருகிற நேரத்தில் இதை உட்கார்ந்து யோசிக்க முடியாது. இன்றைக்கே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனி மாதக் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போனேன். மணமேடைக்கு அருகிலேயே என்னை நிறுத்தி, வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம், "இவங்கதான், என்ற முதுகுல சம்படம் கவுத்தவங்க" என்று ராமாயி அறிமுகம் செய்தார். பெண்ணை விட அன்று என்னைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள்.

நீதிமன்ற அனுமதி கிடைத்து, சிலந்திகளை மலைக்குத் திருப்பிக் கொண்டுபோனபோது மழைக்காலம் வந்துவிட்டது. அதற்குள் தாய்ச்சிலந்தியின் முட்டைகள் பொரிந்து, பொடிப்பொடியாகக் குஞ்சுகள் அதைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தன. இந்த இனத்தில் குஞ்சுகள் கொஞ்ச காலம் தாயோடு ஒரே பொந்தில் இருக்கும். சேர்வராயன் கோயில் பக்கத்துச் சரிவில் பழைய மரம் ஒன்றில் பொருத்தமான பொந்து பார்த்து வைத்திருந்தார் ரேஞ்சர். நான் வருவது தெரிந்து ராமாயியும் குடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "நான் கிட்ட வரமாட்டேன். தூரத்துல நின்னுக்கறேன்" என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, தூரத்திலேயே நின்றார்.

மற்றவற்றை வேறு வேறு மரங்களில் விட்டுவிட்டு, கடைசியாகத் தாயும் குஞ்சுகளும் இருந்த பெட்டியைப் பொந்தின் வாயில் வைத்துத் திறந்தோம். தாய் வெகுநேரம் அசையவில்லை. பிறகு ஒவ்வொரு காலாக வைத்து மரப்பட்டையைத் தொட்டுப் பார்த்தது. உள்ளே போனது. பெட்டியைப் பொந்தோடு சேர்த்தே பிடித்திருந்தோம். குஞ்சுகள் ஒவ்வொன்றாக அதன் பின்னாலேயே போய் முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. தூறல் விழுந்தது, சற்று வலுத்தது. ரேஞ்சரும் நானும் ஒதுங்க இடம் பார்த்தோம்.

பின்னால் சருகு மிதிபடும் சத்தம். திரும்பினால், ராமாயி வந்துகொண்டிருந்தார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, கண்களை இறுக மூடி, கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, தான் நனைந்துகொண்டு, குடையை அந்தப் பொந்துக்கு மேலே பிடித்தார்.

"அதுக்கு மழையெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்க" என்றேன்.

"இருக்கட்டுங்க" என்றார், கண்ணைத் திறக்காமலே. "இன்னிக்குத்தான குடி வந்திருக்குது. அதுவும் பச்சப்புள்ளைங்கள வெச்சுக்கிட்டு."